இரவிச்சந்திரன் நடந்த ஊர்வலம்

பதின்மூன்று வருடங்களாக இரவிச்சந்திரன் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் பேருந்து ஓட்டினார். மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு யூதப் பள்ளிக்கூடம் அது. காலை ஆறு மணிக்கு மஞ்சள் பேருந்தைச் சுற்றி நடந்து சக்கரம், விளக்கு, அவசரக் கதவு எல்லாம் பார்ப்பார். ஏழு மணிக்கு முதல் பிள்ளை ஏறும். எட்டுக்கு முன்னர் முப்பத்தொன்பது பேரையும் வாசலில் இறக்கிவிட்டு, பின்னிருக்கைவரை நடந்துபோய், ஏதாவது ஒன்று தூங்கிக் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தானும் இறங்குவார். பிள்ளைகளுக்கு அவர், பிரெஞ்சு மரியாதையில், ‘மிஸ்யூ ரவி’. எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்த இரண்டு சகோதரங்களைப் பக்கத்தில் இருத்தினால் அடிபடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்தவர். சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, தையல் தொழிற்சாலையில் உடுப்பு அழுத்தி, கடைசியில் பேருந்துக்கு வந்து சேர்ந்தவர். மனைவி சிறுநீரகம் பழுதாகி இறந்து ஆறு வருடமாகிவிட்டது. ஒரே மகள் நிருஷா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் தங்கை ஜெயராணியின் குடும்பம் இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் அந்தக் குடும்பம் ஒருவர் மிச்சமில்லாமல் செத்துப்போனது. அந்த வசந்தம் முழுவதும் இரவிச்சந்திரன் தெருவில் நின்றார். கொடி பிடித்தார், கத்தினார். காரில் போனவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் நினைவேந்தலில் ஒலிவாங்கியின் முன் நின்று தங்கை வீட்டாரின் பெயர்களைச் சொல்வது அவருடைய கடமையாயிற்று. அதைத் தவிர வருடத்தில் வேறெங்கும் அவர் மேடையேறியதில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஒக்ரோபரில் இஸ்ரேலில் கொலைகள் நடந்தன. பிறகு காசாவில் குண்டு விழத் தொடங்கியது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை அவர் பேருந்தைத் திருப்பிப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் நுழைந்தபோது பொலிஸ் கார் குறுக்கே நின்றது. முந்திய இரவு யாரோ பள்ளிக்கூடத்தின் முன்கதவைச் சுட்டிருந்தார்கள். பேருந்துக்குள் இருந்தே ஓட்டை தெரிந்தது. பிள்ளையின் தலை உயரத்தில் இருந்தது. முப்பத்தொன்பது பிள்ளைகளும் ஒரு சத்தமில்லாமல் அதையே பார்த்தார்கள். அப்படி ஒரு அமைதியை அந்தப் பேருந்தில் அவர் கேட்டதேயில்லை.

முன்னிருக்கையில் தாலியா என்ற எட்டு வயதுப் பெண்பிள்ளை இருந்தாள். அவள் கேட்டாள். “மிஸ்யூ ரவி, பஸ்ஸின் தகரம் தடிப்பானதா?”

“நல்ல தடிப்பு,” என்றார்.

“துவக்கால் சுட்டாலும் உள்ளே வராதா?”

“வராது.”

அந்தத் தகரத்தில் வெறும் கார்க்கதவு இடித்து விழுந்த எத்தனையோ குழியை அவரே பார்த்திருக்கிறார். பிள்ளை நம்பியது.

அன்று பின்னேரம் ஊர்ச்சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தச் செய்தியைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ரதீசன் என்பவர் எழுதியிருந்தார்: “கதவைத்தானே சுட்டவங்கள்.” அதற்குக் கீழே பதினொரு சிரித்த முகங்கள். இரவிச்சந்திரன் குழுவில் எதுவும் எழுதுகிறவர் அல்ல. அன்றைக்கு எழுதினார்: “கதவுக்குப் பின்னாலை என்ரை பிள்ளையள் இருக்கினம்.”

“உன்ரை பிள்ளையளோ?” என்று பதில் வந்தது. அதற்கும் சிரித்த முகங்கள்.

டிசம்பரில் யூத வெறுப்புக்கு எதிராக நகரத்தில் ஊர்வலம் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பேருந்து விஷயங்களைப் பார்க்கும் ஷெரோன் அவரிடம் வந்து, “எங்கள் பிள்ளைகளோடு நடக்க வருவீர்களா? தாலியா உங்களைத்தான் கேட்கிறாள்,” என்றாள். அவர் யோசிக்கவில்லை. வருகிறேன் என்றார்.

நிருஷாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் காசாவுக்கான ஊர்வலங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் போய்க்கொண்டிருந்தவள்.

“அப்பா, அந்த மார்ச்சுக்குப் போகாதேங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“அது ஸ்கூலுக்காக மட்டும் இல்லை. மேடையிலை ஏறப்போற ஆக்களைத் தெரியுமே? சீஸ்ஃபயர் கேக்கிற எல்லாரையும் டெரரிஸ்ட் எண்டு சொல்லுற ஆக்கள். பேப்பரிலை முழுக்க அதுதான் சண்டை. ஒரு கட்சி வரமாட்டன் எண்டுது. மற்றக் கட்சி, வராதவனெல்லாம் யூதர்களின்ரை எதிரி எண்டுது.”

“நான் மேடைக்குப் போகேல்லை. பிள்ளையளோடை நடக்கப் போறன்.”

“காசாவிலையும் பிள்ளையள்தான் சாகினம்.”

“ஓம். அதுக்கு நீ போகேக்கை நான் மறிச்சனானே?”

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஊர்வலத்தன்று நல்ல குளிர். ஷெரோன் அவர் கையில் ஒரு பலகையைக் கொடுத்தாள். ‘பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகட்டும்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. தாலியா அவருடைய கையுறையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சனம் பெரிய சனம். கிழவர்கள், குழந்தைவண்டி தள்ளுகிற தாய்மார், நீல வெள்ளைக் கொடிகள். சிலர் அழுதுகொண்டே நடந்தார்கள். ஒரு பெண் தன் வீட்டு வாசலில், யூத வீடு என்று காட்டும் அடையாளத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டதாகப் பக்கத்தில் வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். அதைக் கேட்டு இரவிச்சந்திரன் தலையைக் குனிந்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் தன் மாமி கொழும்பில் நெற்றிப்பொட்டை அழித்துக்கொண்டு தெருவில் நடந்ததை அவர் அறிவார்.

பாதித் தூரத்தில் ஒரு குழப்பம். வயதான யூதர் ஒருவர், போரையும் நிறுத்துங்கள் என்று எழுதிய அட்டையோடு வந்து வரிசையில் சேர்ந்திருந்தார். நாலைந்து பேர் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போ என்றார்கள். அட்டையைப் பறித்து மிதித்தார்கள். அவர் தொப்பி பனிச்சேற்றில் விழுந்தது. இரவிச்சந்திரன் குனிந்து தொப்பியை எடுத்தார்.

ஒழுங்கு பார்க்கிறவர்களின் சட்டை போட்ட ஒருவன் வந்து, “அதை விடுங்கள். அவர் எங்கள் ஆள் இல்லை,” என்றான்.

கிழவர் கையை நீட்டினார். இரவிச்சந்திரன் தொப்பியைக் கொடுத்தார். அவரோடு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம், நடைபாதைவரை கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தாலியா கையை இழுத்தாள். வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே பிறகு பல நாள் உறுத்தியது.

அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் இரவிச்சந்திரன், கையில் பலகை, பக்கத்தில் தாலியா. நிருஷா தொலைபேசியை மேசையில் அவர் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பின்னாலை பாருங்கோ.”

அவருடைய தோளுக்கு மேலே இன்னொரு பலகை தெரிந்தது. பிடித்திருந்த ஆளின் முகம் தெரியவில்லை. ‘அங்கே அப்பாவிகள் எவரும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“வாசிச்சனீங்களோ?”

“எனக்குப் பின்னாலை நிண்டது. நான் காணேல்லை.”

“ஜெயா மாமியாக்களைப் பற்றியும் இப்பிடித்தானே அப்பா சொன்னவங்கள். அங்கை பொதுமக்கள் ஒருத்தரும் இல்லை எண்டுதானே சொன்னவங்கள்.”

அவர் சோற்றில் இருந்த கையை எடுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை காய்ந்து போகும்வரை பார்த்தார்.

மறுநாள் ஷெரோனிடம் படத்தைக் காட்டி, இதை எங்கும் பாவிக்க வேண்டாம் என்று கேட்டார். அவளும் பலகையைப் பார்த்து முகம் சுளித்தாள். “அந்த ஆள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் கருத்தும் இல்லை,” என்றாள். ஆனால் பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் படம் ஏற்கனவே ஏறிவிட்டது. ‘எங்கள் அன்புக்குரிய மிஸ்யூ ரவி’ என்று கீழே எழுதியிருந்தார்கள். பின்னாலிருந்த பலகையைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். வெட்டியும் வாசிக்க முடிந்தது.

விமலநாதன் வீட்டுக்கு வந்தார். அவர்தான் ஊர்ச்சங்கத்து நினைவேந்தல் குழுவின் செயலாளர். இரண்டாயிரத்து ஒன்பதில் இரவிச்சந்திரனோடு ஒரே பதாகையின் இரண்டு தடிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து நின்றவர். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“ரவி, சனம் கொதிச்சுப்போய் நிக்குது. ஒரு கடிதம் எழுதித் தா. போனது பிழை, மன்னிக்கவேணும் எண்டு.”

“அந்தப் பலகைக்கு நான் எழுதித் தாறன் அண்ணை. அது என்ரை இல்லை, எனக்கு அதைப் பாக்க நெஞ்சு எரியுது எண்டு எழுதுறன்.”

“அது காணாது. போனதுக்கும் எழுது.”

“போனது பிள்ளையளுக்கு. அதுக்கு எழுதமாட்டன்.”

“அவங்கடை பிள்ளையளிலை உனக்கு அவ்வளவு இரக்கமோ?”

“நான் ஏத்தி இறக்கிற பிள்ளையள் அண்ணை. ஆர்ரை எண்டு பாத்தோ ஏத்துறது?”

விமலநாதன் எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். வாசலில் நின்று, “பேந்து என்னைக் குறை சொல்லாதை,” என்றார்.

நிருஷாவின் உதவியோடு இரவிச்சந்திரன் ஒரு பந்தி எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டார். பள்ளிக்கூடத்தைச் சுட்டது கொடுமை, அதற்காகத்தான் நடந்தேன். என் பின்னால் இருந்த பலகை பொய், அங்கே சாகிறவர்களும் அப்பாவிகள், எங்கள் சனத்தைப் பற்றியும் இதே பொய்யைச் சொன்னார்கள். அவ்வளவுதான். குழுவில் ஒருவரும் அதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் யாரோ அதை ஆங்கிலத்தில் மாற்றி வெளியே அனுப்பினார்கள். மாற்றும்போது முதல் வரி விழுந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கூடப் பெற்றோர் இரண்டு மூன்று பேர், ‘ஊர்வலத்தைப் பொய் என்று சொன்ன சாரதி’ என்று ஷெரோனுக்கு எழுதினார்கள். காலையில் பிள்ளையை ஏற்ற வருகிற தாய்மாரில் சிலர் அவருக்கு ‘பொன்ஜூர்’ சொல்வதை நிறுத்தினார்கள்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு படம் பெயரில்லாமல் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் தெருவில் எடுத்தது. இரவிச்சந்திரன் புலிக்கொடி போட்ட பதாகையின் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிறார். மற்றத் தடியைப் பிடித்த ஆளைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்; மணிக்கட்டுவரை ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தப் படத்தின் முழுப்பிரதி இந்த உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று இரவிச்சந்திரனின் அலுமாரியில், மற்றது அந்த மற்றத் தடியைப் பிடித்தவரிடம்.

ஷெரோன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். படத்தை மேசையில் வைத்தாள்.

“கனடா தடை செய்த இயக்கத்தின் கொடி இது. நீங்கள் அதில் இருந்தீர்களா, மிஸ்டர் ரவி?”

“இல்லை.”

“பிறகு ஏன் பிடித்தீர்கள்?”

“என் தங்கை அந்த மாதம் குண்டுக்குள் இருந்தாள். யார் எதைக் கையில் தந்தாலும் பிடித்திருப்பேன்.”

ஷெரோன் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். “நான் உங்களை நம்புகிறேன்,” என்றாள். “ஆனால் எங்கள் கதவில் ஓட்டை இருக்கிறது. பெற்றோர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். நாளையிலிருந்து வேறு சாரதி வருவார்.”

“இன்றைக்குப் பின்னேரம் நான் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகலாமா?”

“வேண்டாம். அது அவர்களைக் குழப்பும். பின்னேரத்துக்கும் ஆள் ஒழுங்கு செய்தாயிற்று.”

அவர் எழும்பும்போது அவளும் எழும்பிக் கையை நீட்டினாள். அவர் கைகுலுக்கிவிட்டு வந்தார். மரியாதை தவறாமல்தான் எல்லாம் நடந்தது.

பேருந்துக் கம்பனியில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் பேனாட் நல்ல மனிதன். வேலையை விட்டு நிறுத்தாமல், துறைமுகப் பக்கத்துக் களஞ்சியசாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற ஓட்டத்தைக் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு கடதாசிப் பையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினான். உள்ளே பிள்ளைகள் கீறிய வாழ்த்து மட்டைகள். ‘சீக்கிரம் சுகமாகி வாருங்கள்.’ எல்லாவற்றிலும் அதுதான் எழுதியிருந்தது.

“எனக்கு என்ன வருத்தமாம்?” என்று கேட்டார் இரவிச்சந்திரன்.

பேனாட் தரையைப் பார்த்தான். “இடுப்பில் சத்திரசிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள்.”

தாலியாவின் மட்டையில் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருந்தார். கட்டிலைச் சுற்றித் தடிப்பாகக் கறுப்புக் கோடு கீறியிருந்தாள். அவர் பையை மடித்துப் பேருந்தின் இருக்கைக்குக் கீழே வைத்தார். பதில் எழுதுவதென்றால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையை எழுதினால் அது பிள்ளைகளின் கையில் போய்ச் சேரப்போவதில்லை. அவர் எழுதவில்லை. சுகமாகியும் திரும்பி வராத மனிதராக அந்தப் பிள்ளைகளுக்கு அவர் ஆகிப்போனார்.

மே மாதம் வந்தது. நினைவேந்தல் குழுவிலிருந்து அவருக்கு வழக்கமாக வருகிற தொலைபேசி வரவில்லை. ஒரு காலை நிருஷா பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே சொன்னாள்.

“கொமிட்டி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டவை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வாசிக்காமல் விடேலாது அப்பா. நீங்கள் வந்தால் பிரச்சினை வரும் எண்டு விமல் அங்கிள் சொல்லுறார். ரோட்டுக்கு மற்றப் பக்கத்திலை நிண்டு கேளுங்கோவன்.”

“பேர் எல்லாம் தெரியுமே?”

“லிஸ்ட் தருவினம்.”

“அப்ப சரி,” என்றார்.

பதினெட்டாம் தேதி பின்னேரம் பூங்காவில் முந்நூறு பேர்வரை கூடியிருந்தார்கள். இரவிச்சந்திரன் தெருவுக்கு எதிர்ப்பக்கம், தெப்பனேர் என்கிற மூலைக்கடை ஒன்றின் சுவரோடு நின்றார். தெரிந்தவர்கள் சிலர் அந்தச் சுவரைக் கடந்துதான் போனார்கள். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் வந்து பெயர் வாசித்து விளக்கேற்றிப் போனார்கள். நிருஷாவின் முறை வந்தது. கறுப்புச் சட்டையில் அவள் தாயைப் போலவே இருந்தாள்.

அவள் வாசித்தாள். ஜெயராணி. ஜெயராணியின் கணவன் செல்வரூபன். பிள்ளைகள் கஜீபன், டிலக்சனா. கடதாசியை மடித்தாள்.

இரவிச்சந்திரன் சுவரைவிட்டு முன்னே வந்தார். இன்னும் ஒரு பிள்ளை இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது பெப்ரவரியில் பதுங்குகுழிக்குள் பிறந்தது. பதிவில்லை, படமில்லை, பிறப்புச் சான்றிதழ் கொடுக்க அங்கே கந்தோரும் இல்லை. செய்மதித் தொலைபேசியில் தங்கை நாற்பது விநாடி பேசி, பெண்பிள்ளை, மகிழினி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னது மட்டும்தான் அதற்கு இருந்த அத்தாட்சி. குழுவின் அச்சடித்த பட்டியலில் அது ஒருபோதும் இருந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் கடதாசியை மடித்த பிறகு அவரே வாயால் சொல்லுவார். பதினாலு வருடம் முன்வரிசையில் இருந்து கேட்ட மகளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

அவர் தெருவைக் கடந்தார். ஒரு கார் பிரேக் போட்டு ஹோர்ன் அடித்தது. “மகிழினி,” என்றார். கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னார். சனம் திரும்பியது. பூங்கா வாசலில் ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த டினோஜன் என்ற இளைஞன் அவர் நெஞ்சில் கை வைத்து மறித்தான்.

“அங்கிள், இண்டைக்கு வேண்டாம். போங்கோ.”

“ஒரு பேர் விடுபட்டுப் போச்சு தம்பி.”

“போங்கோ எண்டு சொல்லுறன்.”

கூட்டத்தில் யாரோ, “யூதன்ரை ஆள் வந்திட்டான்,” என்றார்கள். யாரோ சிரித்தார்கள். மேடையில் விமலநாதன் ஒலிவாங்கியை வாங்கி, “இறந்தவர்களின் நிகழ்வைத் தயவு செய்து குழப்ப வேண்டாம்,” என்று நிதானமாகச் சொன்னார். நிருஷா அங்கிருந்து அவரைப் பார்த்தாள். அவமானத்தில் அவள் முகம் கறுத்தது. பிறகு குனிந்து நாலு விளக்கை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினாள். டினோஜனும் இன்னொருவனும் அவரைத் தோளில் பிடித்துத் தெருவுக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த இழுபறியில் அவர் சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் போயின.

அவர் மெத்ரோ எடுத்து வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று தொடங்கினாள்.

“அவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஏன் அப்பா என்னை அப்பிடிச் செய்தனீங்கள்? நான் உங்களுக்காகத்தானே ஓம் எண்டனான்.”

“மகிழினியை நீ சொல்லேல்லை.”

“ஆர் மகிழினி?”

அவர் அவளைப் பார்த்தார். கேலி இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அந்த நேரத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்திருப்பாள்; வளர்ந்த பிறகு, அவர் கடதாசியை மடித்ததும் முடிந்ததென்று விளக்கேற்ற எழும்பியிருப்பாள். அவர் சொன்னார். பதுங்குகுழி, பெப்ரவரி, நாற்பது விநாடி. மூன்று மாதம்தான் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது என்றார்.

நிருஷா அப்படியே சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். அழுதாள். அவர் கிட்டப் போகவில்லை. போக மனம் வரவில்லை. அடுப்படிக்குப் போய்க் காலையில் வைத்த கறியைச் சூடாக்கி, ஒரே ஒரு கோப்பையில் போட்டுத் தானே சாப்பிட்டார்.

அடுத்த ஆண்டு அவள் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதி, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கக் கேட்டாள். ஒரு படிவம் வந்தது. இறந்தவரின் பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அல்லது நேரில் அறிந்த சங்க உறுப்பினர் ஒருவரின் கையொப்பம் என்று அதில் இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை ஜெயராணியின் வாயால் கேட்டவர் மொன்றியலில் ஒருவர்தான். அவரை அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், ஒரு வாக்குக்கூட எதிராக விழாமல், உறுப்புரிமையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.